செட்டிநாட்டு ஓட்டலில் ஹாலை நடத்துவது எப்படி: ஆட்கள், பேச்சு, மெஷின் – ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு ஓட்டல் என்றதும் பேச்சு நேராக அடுப்படிக்குப் போய்விடும். கல்பாசி போட்டிருக்கிறார்களா, மராட்டி மொக்கு உண்டா, மசாலா அம்மியில் அரைத்ததா மிக்சியில் அரைத்ததா என்று விசாரிப்பார்கள். நியாயம்தான். ஆனால் பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு நல்ல பசியோடு உள்ளே வரும் குடும்பம், மாஸ்டரின் முகத்தைக் கடைசிவரை பார்க்கப் போவதில்லை. வாசலில் ‘வாங்க’ என்றவர், இலை போட்ட தம்பி, ஆர்டர் எடுத்த கேப்டன், கல்லாவில் இருந்தவர்: அவர்களுக்கு உங்கள் ஓட்டல் என்றால் இவர்கள்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஓட்டல் நடத்துபவர்களுக்கும், புதிதாக ஹால் பொறுப்பை ஏற்றிருக்கும் மேனேஜர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஹாலில் வரும் சண்டை, தாமதம், தப்பான பில், கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் டேபிள் எல்லாவற்றிலும் பெரும்பங்கு ஒருவருக்குத் தெரிந்த விஷயம் அடுத்தவருக்குப் போய்ச் சேராததால் வருகிறது. அதனால் முதலில் வேலையைப் பிரியுங்கள். அடுத்து, யார் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மெஷின் அதற்கு அப்புறம். பலர் மெஷினில்தான் தொடங்குகிறார்கள். குழம்பிக் கிடக்கிற ஹாலுக்குள் டேப்லெட்டைக் கொண்டுவந்தால், அதே குழப்பம் இன்னும் வேகமாக அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

படி 1: நடந்து பார்த்து வேலையைப் பிரியுங்கள்

இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியவர்கள் நிறையப் பேர். முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகும். அடுப்படி கடைசிக் கட்டில் இருக்கும். பார்க்க அழகு, பரிமாறக் கஷ்டம். முகப்பில் உட்கார்ந்தவருக்கு இடியாப்பம் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். ஒரே சர்வர் ஆர்டர் எடுத்து, உள்ளே போய்ச் சொல்லி, தட்டைத் தூக்கி வந்து, தண்ணீரும் ஊற்ற வேண்டும் என்றால் அவர் பாதி நேரம் நடையிலேயே இருப்பார். டேபிளில் ஆள் இருக்காது.

ஒரு மதிய வேளை முழுக்கக் கல்லாவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஹாலில் நின்று பாருங்கள். யார் எத்தனை தடவை அடுப்படிக்கு ஓடுகிறார், எந்த இடத்தில் இரண்டு பேர் இடித்துக்கொள்கிறார்கள், எந்த டேபிள் யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஹாலைப் பகுதிகளாகப் பிரியுங்கள். 14 டேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் 4, வளவைச் சுற்றி 6, ஏசி ஹாலில் 4. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சர்வர், அந்த வேளை முடியும்வரை அவரே பொறுப்பு. வளவுக்கு மட்டும் இரண்டு பேர். டேபிள் எண்ணிலேயே இடம் தெரியட்டும்: மு1, மு2, வ1, வ2, ஏ1 என்று. ‘ஏழாம் நம்பர்’ என்றால் புது ஆள் தேடுவார். ‘வ3’ என்றால் நேராக வளவுக்குப் போவார். அடுப்படியிலிருந்து தட்டைக் கொண்டுவர மட்டும் தனியாக ஓர் ஆள் போடுங்கள். நீளமான வீட்டில் இந்த ஓர் ஆளால் வரும் நிம்மதி இரண்டு சர்வர் கூடப் போட்டாலும் வராது.

மதியச் சாப்பாட்டுக்குக் கணக்கு வேறு. இலையில் மறுசோறு, குழம்பு, ரசம், மோர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை அது. சாதம் ஒருவர் கையிலும் குழம்பு வகை இன்னொருவர் கையிலும் இருந்து, இருவரும் பந்தி விசாரிப்பதுபோல் வரிசையாகச் சுற்றி வரட்டும். இந்த ஊர்க்காரர்கள் கல்யாணப் பந்தி பார்த்து வளர்ந்தவர்கள். இலையில் சோறு தீர்ந்து கையைத் தூக்கிக் கூப்பிட வைப்பதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படி 2: தினசரி காலண்டரைப் பார்த்து ஆள் போடுங்கள்

கூட்டத்தைக் கணிக்க எந்த மென்பொருளையும்விடச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இங்கே நன்றாக உதவும். மாதம் பிறக்கும் முன்பே அதை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வண்ணப் பேனாவால் குறியுங்கள்.

முதல் வண்ணம் கோயில் நாட்களுக்கு. சங்கடஹர சதுர்த்தி, விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய திருவிழா நாட்கள், ஆங்கிலப் புத்தாண்டு, சித்திரை முதல் நாள் ஆகியவற்றில் பிள்ளையார்பட்டிக் கூட்டம் காரைக்குடி வரை வழியும். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் வருவார்கள். அவர்கள் விரதத்தில் இருப்பவர்கள், சைவ டேபிளைத் தனியாக வையுங்கள். இரண்டாவது வண்ணம் முகூர்த்த நாட்களுக்கு. கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் முதல்நாள் இரவும் மறுநாள் காலையும் வெளியே சாப்பிடுவார்கள். பெரும்பாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் ஒரே கூட்டமாக வருவார்கள். மூன்றாவது வண்ணம் ஓய்வான நாட்களுக்கு. முகூர்த்தமில்லாத ஆடியும் மார்கழியும், அசைவம் குறைகிற புரட்டாசியும் இதில் வரும். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அரண்மனை வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் மார்கழியிலும் வருவார்கள். வீடுகளைக் காட்டும் வழிகாட்டிகளோடும் தங்கும் விடுதிகளோடும் பேசி வைத்துக்கொண்டால் முந்தைய நாளே தகவல் வந்துவிடும்.

ஊருக்குப் போகிற நீண்ட விடுப்பை மூன்றாவது வண்ண நாட்களில் கொடுங்கள். இதை முன்கூட்டியே பேசி எழுதி ஒட்டிவிட்டால், விநாயகர் சதுர்த்தி காலையில் ‘அண்ணே, பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று போன் வருவது வெகுவாகக் குறையும். அந்தந்த வாரத்தின் ஷிப்ட் அட்டவணை குறைந்தது நான்கு நாள் முன்பாவது தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: ஆள் எடுப்பதும் பழக்குவதும்

முன்அனுபவத்தைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஆள் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்கிறாரா. மற்றது எல்லாம் பழக்கிவிடலாம். வயதுச் சான்றை வாங்கிப் பார்த்துவிடுங்கள். 14 வயது ஆகாத பிள்ளையை ஓட்டலில் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் ஆர்டர் எடுக்க விடாதீர்கள். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, டேபிள் துடைப்பது மட்டும். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பது வெளிமாநிலத்திலிருந்து வந்த தம்பிக்குத் தெரிய வழியில்லை. நின்று காட்டிக் கொடுங்கள். காய், கூட்டு, ஊறுகாய் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கம் மடித்துவிட்டால் அதற்குமேல் எதையும் கொண்டுபோய் நீட்டக் கூடாது. வெளிநாட்டுக்காரருக்கு மடிக்கத் தெரியாது, அவரிடம் வாயால் கேட்க வேண்டும்.

அடுத்தது, சாப்பிட்டுப் பார்க்க வையுங்கள். உப்புக்கறியின் காரம் எப்படி, சுக்கா எவ்வளவு வறட்சி, கவுனி அரிசி இனிப்பா காரமா என்று கேட்டால் சொந்த நாக்கில் பட்டதைச் சொல்கிறவருக்கும் மெனு கார்டை மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். வாரம் இரண்டு பதார்த்தம் என்று ஊழியர் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் செலவும் தெரியாது.

மூன்றாவது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற அறிவு. நம் மசாலாக்களில் முந்திரி, கசகசா, தேங்காய் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். பல கடைகளில் கடலை எண்ணெய். ‘முந்திரி ஒத்துக்கொள்ளாது, இதில் இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டால் ‘இருக்காதுங்க’ என்று குத்துமதிப்பாகச் சொல்வது ஆபத்து. ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று உள்ளே போய்க் கேட்டுவர வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். கசகசா விஷயத்தில் இன்னொன்று: மசாலாப் பொடியைப் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போகக் கேட்பவர்களில் வெளிநாட்டில் வசிப்பவர்கள் அதிகம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. எந்தப் பொடியில் அது சேர்ந்திருக்கிறது என்று கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், விற்கும்போது சொல்லவும் வேண்டும்.

அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் இன்று பல ஹால்களைத் தாங்குகிறார்கள். அவர்களுக்கு முதல் வாரம் தேவைப்படும் தமிழ் ரொம்பக் கொஞ்சம்: வாங்க, உட்காருங்க, எத்தனை பேர், காரம் கம்மியா, இன்னும் வேணுமா, தீர்ந்துபோச்சு, ரெண்டு நிமிஷம், பில் தரவா. இவற்றை அவர்கள் வாசிக்கத் தெரிந்த எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் கொடுங்கள். கூடவே, இந்த ஊர்ப் பையன் ஒருவரைத் துணையாகச் சேர்த்து விடுங்கள். ‘சார், மேடம்’ போதும்தான். ஆனால் பெரியவர்களை ‘ஐயா’ என்றும், நகரத்தார் வீட்டுப் பெரிய பெண்மணிகளை ‘ஆச்சி’ என்றும் அழைக்கக் கற்றுக்கொண்ட தம்பியிடம் அவர்கள் எவ்வளவு மலர்ச்சியாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பரிமாறுபவரும் உணவைக் கையாள்பவர்தான். ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்றைக் கோப்பில் வையுங்கள். 25 பேருக்கு ஒருவராவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ‘ஃபாஸ்டாக்’ (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு மாஸ்டரோடு ஹால் சூப்பர்வைசரையும் அனுப்புங்கள்.

படி 4: கடை திறக்கும் முன் பத்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மதியக் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பு, ஹாலில் இருக்கும் எல்லோரும், அடுப்படியிலிருந்து மாஸ்டரோ அவர் அனுப்பும் ஒருவரோ, கல்லாவில் இருப்பவரும், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

அடுப்படிக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, இப்படி எழுதுங்கள்:

இன்று உண்டு: நாட்டுக்கோழி, மட்டன் சுக்கா, உப்புக்கறி, காடை, கோலா உருண்டை
கம்மி: நண்டு (8 பிளேட்), கவுனி அரிசி (15 கப்)
இல்லை: இறால்
நேரமாகும்: நாட்டுக்கோழி வறுவல் – 20 நிமிடம்
முன்பதிவு: 1 மணி, வளவு, 18 பேர், அதில் 5 பேர் சைவம்
யார் எங்கே: முகப்பு – ஒருவர் பெயர், வளவு – இருவர் பெயர், ஏசி – ஒருவர் பெயர்

பலகையை மாஸ்டரின் ஆள் வாசிக்கட்டும், சர்வர்கள் கேள்வி கேட்கட்டும். நண்டு எட்டு பிளேட் என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு பிளேட் போகும்போதும் ஒரு கோடு அடித்துவிட வேண்டும். இருக்கிறது என்று ஆர்டர் எடுத்து, கால் மணி நேரம் கழித்து வந்து ‘நண்டு தீர்ந்துபோச்சுங்க’ என்று தலையைச் சொறிவதைப்போல் பசியோடு இருப்பவரை எரிச்சலூட்டுவது வேறு எதுவும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் நேற்று நடந்த தவறுக்காக யாரையும் நிற்கவைத்துத் திட்டாதீர்கள். தவறைப் பற்றிப் பொதுவில் பேசலாம், ஆளைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் ‘டேய்’ என்று கூப்பிடும் முதலாளியின் ஹாலில் சர்வர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ‘தம்பி’, ‘அண்ணே’, ‘அக்கா’ என்ற அழைப்பை முதலாளியே தொடங்கி வைக்க வேண்டும்.

படி 5: ஆர்டரைத் திருப்பிச் சொல்வது

ஆர்டர் எடுப்பதில் ஒரே விதி: எழுதியதை வாசித்துக் காட்டாமல் டேபிளை விட்டு நகரக் கூடாது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் மாற்றுவார், குழந்தைக்குத் தனியாகக் கேட்பார்கள். நல்ல கேப்டன் கடைசியில் இப்படிச் சொல்வார்:

“சரிங்க ஐயா, ரெண்டு சாப்பாடு, அதுல ஒண்ணு சைவம். நாட்டுக்கோழி ஒண்ணு, அது வர இருபது நிமிஷம் ஆகும், பரவாயில்லைங்களா? கோலா உருண்டை ஒண்ணு முதல்ல கொண்டு வந்துடறேன். பாப்பாவுக்கு இடியாப்பம், தேங்காய்ப்பால், காரம் எதுவும் வேண்டாம். தண்ணி சுடுதண்ணி. இவ்வளவுதானே?”

இதில் நான்கு காரியம் நடந்துவிட்டது. எண்ணிக்கை சரிபார்த்தாயிற்று, சைவம் அசைவம் பிரிந்தது, தாமதமாகும் என்பதற்குச் சம்மதம் வாங்கியாயிற்று, நடுவில் பசிக்கு ஒன்று வருகிறது என்ற நம்பிக்கையும் கொடுத்தாயிற்று. நாட்டுக்கோழி வேக நேரமாகும் என்று முதலில் சொன்னால் அது கறியின் குணம். பதினைந்து நிமிடம் கழித்துச் சொன்னால் அது உங்கள் சாக்கு.

காரம் பற்றிக் கேட்காமலே விடக் கூடாத இரண்டு டேபிள்கள்: குழந்தைகள் உள்ள டேபிள், வெளிநாட்டுக்காரர் டேபிள். ‘கம்மி, நடுத்தரம், அப்படியே’ என்று மூன்றே அளவு வைத்து, அதே சொற்களை ஆர்டர் சீட்டிலும் எழுதுங்கள்.

படி 6: ஹாலுக்கும் அடுப்படிக்கும் ஒரே வாசல்

நான்கு சர்வர்கள் அடுப்பு முன்னால் நின்று ‘என்னோடது என்னாச்சு?’ என்று கத்தினால் மாஸ்டர் யாருக்குத்தான் பதில் சொல்வார்? தட்டு வெளியே வரும் இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அடுப்படிக்குப் போகும் ஆர்டர் சீட்டை (கேஓடி) வாங்கி வரிசையாகச் செருகுவது, எது முதலில் என்று மாஸ்டரிடம் சொல்வது, வரும் தட்டைச் சீட்டோடு ஒப்பிட்டு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. சர்வர் பேசுவது அவரிடம் மட்டும். அவரும் மாஸ்டரும் மட்டும்தான் உள்ளே பேச வேண்டும். அவர் தட்டுத் தூக்கக் கூடாது, எவ்வளவு கூட்டமானாலும்.

அந்த இடத்தில் கொஞ்சம் மூத்த, நிதானமான, மாஸ்டர் மதிக்கிற ஆளைப் போடுங்கள். மாஸ்டரோடு மனத்தாங்கல் உள்ளவரைப் போட்டால் ஹால் முழுக்க நொண்டும்.

வாய்வழி ஆர்டர் வேண்டவே வேண்டாம். ‘மு2-க்கு ஒரு ஆம்லெட் சேத்துக்கங்க’ என்று போகிற போக்கில் சொன்னது பில்லில் ஏறாது. சீட்டு இல்லாமல் தட்டு வராது என்பதை முதலாளிக்கும், முதலாளியின் விருந்தாளிக்கும் சேர்த்தே கடைப்பிடியுங்கள்.

படி 7: கூட்ட நேரம்

ஞாயிறு ஒன்றரை மணிக்கு வாசலில் நிற்பவர்களுக்குப் பெயர், எத்தனை பேர், வந்த நேரம் என்று எழுதும் ஒரு நோட்டும், அதற்கென ஒருவரும் போதும். அவர் பொய்யான நேரம் சொல்லக் கூடாது. இருபது நிமிடம் ஆகும் என்று தோன்றினால் இருபத்தைந்து என்று சொல்லட்டும். உட்கார நாற்காலி, குடிக்க மோரோ பானகமோ கொடுங்கள். திண்ணை உள்ள வீடு உங்களுக்குக் கிடைத்திருந்தால் அது கொடுப்பினை.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் பின்னால் போய் அடுத்த ஆளை நிற்க விடுவது நம் ஓட்டல்களில் சாதாரணமாகிவிட்டது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர் காத்து நின்றால் எவருக்கும் சோறு இறங்காது.

பார்சல் கூட்டத்தை உள்ளே விடாமல் வாசல் பக்கமே தனி கவுண்டர் வைத்து முடித்துவிடுங்கள். டெலிவரித் தம்பிகளுக்கு நிழலும் தண்ணீரும் கொடுங்கள். பார்சல் கட்டுவதில் நினைவில் வைக்க வேண்டியது, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பையும் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தடையில் இருக்கின்றன. வாழையிலையும் பாக்குமட்டையும் நமக்குப் புதியவையா என்ன?

படி 8: பில்லும் பணமும்

பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். சாதாரண ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கல்லாவில் இருப்பவருக்கு இவை எல்லாம் தெரிந்திருந்தால் வாக்குவாதமே வராது. போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது.

யுபிஐ-யில் இரண்டு ஏமாற்று வழிகள் உண்டு. ஒன்று, பணம் அனுப்பியதுபோல் போலித் திரையைக் காட்டுவது. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் சொன்ன பிறகோ, கடையின் போனில் வந்த பிறகோதான் ‘சரிங்க’ என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் திரையை ஆதாரமாக எடுக்கவே கூடாது. இன்னொன்று, உங்கள் கியூஆர் அட்டை மேல் வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிடுவது. காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு அட்டையையும் ஸ்கேன் செய்து உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பார்ப்பது டேபிள் துடைப்பதைப்போல் அன்றாட வேலையாகட்டும்.

படி 9: இப்போது மெஷின் வாங்கலாம்

மேலே சொன்னவை சீட்டிலும் பேனாவிலும் ஒரு மாதமாவது ஓடிய பிறகு மெஷினுக்கு வாருங்கள். அப்போதுதான் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். விற்பவர் காட்டுவதில் பாதி வேண்டாம் என்று புரியும்.

முதலில் பில்லிங் மென்பொருளும், அடுப்படியில் தானாகச் சீட்டு அச்சாகும் பிரிண்டரும். வாங்கும்முன் கேட்க வேண்டியவை: இணையம் போனாலும் பில் போடுமா? பதார்த்தப் பெயர் தமிழில் அச்சாகுமா? மாஸ்டர் தமிழில்தான் வாசிப்பார் என்றால் இது முக்கியம். ‘காரம் கம்மி’ போன்ற குறிப்பை ஒரே தட்டலில் சேர்க்க முடியுமா? தீர்ந்துபோனதை ஒருவர் அடைத்தால் எல்லா போனிலும் அடைபடுமா? பில்லை அடித்த பின் அழித்தால் யார் அழித்தார், ஏன் என்று பதிவாகுமா? பழுதானால் காரைக்குடிக்கு ஆள் வருவாரா, அல்லது போனில் மட்டுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வாங்காதீர்கள்.

தெர்மல் பிரிண்டர் வெப்பத்தால் அச்சடிப்பது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் தாளே கறுத்து எழுத்து தெரியாமல் போகும். அடுப்பிலிருந்து தள்ளி, தட்டு வெளிவரும் மேடைப் பக்கம் வையுங்கள். வேறு இடமே இல்லை என்றால் ரிப்பனில் அடிக்கும் பழைய வகைப் பிரிண்டர் வெப்பத்தைத் தாங்கும்.

பழைய வீட்டில் ஓட்டல் நடத்துபவர்களுக்கு இன்னொரு சங்கடம் சுவர். அந்தப் பருமனான சுவர்கள் வெயிலையும் தடுக்கும், வைஃபையையும் தடுக்கும். முகப்பில் இருக்கும் ரவுட்டரை நம்பி இரண்டாங்கட்டில் கேப்டன் போனில் ஆர்டர் எடுத்தால் சீட்டு அடுப்படிக்குப் போகாமலே நிற்கும். கட்டுக்கு ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), அதற்குக் கம்பி இணைப்பு. வயரைத் தேக்குத் தூணில் ஆணி அடித்துக் கொண்டுபோகாதீர்கள், உத்தரத்தின் மேல்பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் பில்லிங் ஓடும் வைஃபையும் வேறு வேறாக இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ரவுட்டர், கல்லாக் கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர் மட்டுமாவது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். அதுவும் படுத்தால், அச்சடித்த கேஓடி புத்தகம் கல்லாவில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

கியூஆர் மெனு பற்றி என் கருத்து: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சடித்த மெனுவை எடுத்துவிடாதீர்கள். போனை நீட்டி ‘ஸ்கேன் பண்ணிக்கங்க’ என்று ஒரு பெரியவரிடம் சொல்வது இந்த ஊர் உபசரிப்பு இல்லை. வெளிநாட்டுக்காரருக்குப் படத்தோடும் விளக்கத்தோடும் காட்ட அது உதவும், அங்கே பயன்படுத்துங்கள்.

ஊழியர் வாட்ஸ்அப் குழு ஒன்று போதும். ஷிப்ட், விடுப்பு, முன்பதிவு மட்டும் அதில் வர வேண்டும். காலை வணக்கப் படமும் கண்டனமும் வேண்டாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் குரல் செய்தியாக அனுப்புங்கள். வேலை நேரம் முடிந்து தூங்கப் போன தம்பியை இரவு பன்னிரண்டு மணிக்குக் குழுவில் கேள்வி கேட்காதீர்கள்.

புது மெஷினை ஓய்வான மாதத்தில் தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு பகுதியில் மட்டும், முகப்பில் மெஷினும் வளவில் சீட்டும் என்று. தடுமாறாமல் பழகிய தம்பி ஒருவர் மற்றவர்களுக்குக் கற்றுத்தரட்டும். கம்பெனி ஆள் சொல்வதைவிட அது சீக்கிரம் ஏறும்.

மெஷின் தரும் கணக்குகளில் மூன்றை மட்டும் வாராவாரம் பாருங்கள்: ஆர்டர் போனதிலிருந்து தட்டு வர ஆன நேரம், அழித்த பில்களும் காரணமும், திருப்பி அனுப்பப்பட்ட தட்டுகள். இந்த எண்களை வைத்து ஆளைப் பிடிக்காதீர்கள், இடத்தைப் பிடியுங்கள். ஏசி ஹாலில் மட்டும் எப்போதும் தாமதம் என்றால் குற்றம் பெரும்பாலும் தூரத்தில் இருக்கும்.

படி 10: குறை சொன்னால்

கேட்பவர் முதலில் முழுதாகக் கேட்கட்டும். குறுக்கே ‘இல்லைங்க, நம்ம கடையில் அப்படி வராது’ என்ற பேச்சே கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு, ‘மாற்றிக் கொண்டு வருகிறேன்’ என்று சொல்ல, யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்ய, ஒவ்வொரு சர்வருக்கும் அதிகாரம் கொடுங்கள். பில்லில் கழிக்கும் அதிகாரம் கேப்டனுக்கு. அதற்கு மேல் போனால் நீங்கள் நேரில் போக வேண்டும். கூகுள் மேப்ஸில் வரும் குறைகளுக்கும் இரண்டு வரியில், பெயர் போட்டு, தமிழிலேயே பதில் எழுதலாம். சண்டை மட்டும் போடாதீர்கள்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. சர்வரைக் கை நீட்டினாலோ, பெண் ஊழியரிடம் தவறாகப் பேசினாலோ அது குறை சொல்வதில் சேராது. அப்போது முதலாளி நிற்க வேண்டியது ஊழியர் பக்கம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்று உங்கள் அக்காமார்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

படி 11: சம்பளம், டிப்ஸ், ஓய்வு

சம்பளம் சொன்ன தேதியில் போக வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தால் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மாதம் எவ்வளவு பிடிப்பது என்றும் முடிவு செய்துவிடுங்கள். பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு, இருபது பேர் இருந்தால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி என்று கணக்கு வந்துவிடும்.

டிப்ஸ் விஷயத்தில் வெளிப்படை வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது: எல்லாம் ஒரே பெட்டியில், வாராவாரம் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, கிளீனருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் சேர்த்துப் பிரிப்பது. கல்லாவுக்கு அதில் பங்கு கிடையாது, முதலாளிக்கு நிச்சயமாகக் கிடையாது. யுபிஐ-யில் பில்லோடு சேர்ந்து வரும் டிப்ஸையும் குறித்து வைத்துப் பெட்டிக்குச் சேர்க்க வேண்டும். அது கல்லாவிலேயே தங்கிவிடுவதாக ஊழியர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் மறுபடி நம்பிக்கை வருவது கஷ்டம்.

ஆள் இல்லாத நேரத்திலும் சர்வர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விடுங்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்றார்கள். நம் ஹாலிலும் ஒரு மூலையில் இரண்டு ஸ்டூல் போட எவ்வளவு செலவாகும்? மதியக் கூட்டம் முடிந்ததும் ஊழியர்கள் உட்கார்ந்து, சூடாக, வாடிக்கையாளருக்குப் போட்ட அதே சோற்றைச் சாப்பிட அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 12: ஒருவர் விலகும்போது

இந்தத் தொழிலில் ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். போகிறவரிடம் மனம்விட்டு ஐந்து நிமிடம் பேசி ஏன் போகிறார் என்று கேளுங்கள். இருக்கும்போது சொல்லாததைப் போகும்போது சொல்வார். பாக்கிச் சம்பளத்தையும் டிப்ஸ் பங்கையும் அன்றே கொடுத்துவிடுங்கள். பில்லிங் மென்பொருளில் அவர் பெயரிலிருக்கும் நுழைவை அன்றே அடைத்து, வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்து, கடை வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர் பார்த்த பகுதியில் அடிக்கடி வருகிற வாடிக்கையாளர்கள் யார், எவருக்கு என்ன பிடிக்கும், எவர் காரம் தொடமாட்டார் என்பதையெல்லாம் அடுத்து வருபவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரு வேளையாவது சேர்ந்து பரிமாறும்படி அட்டவணை போட்டால் இன்னும் நல்லது.